போட்டிக் கைத்துப்பாக்கித் திருத்தம்

இலக்குச் சுடும் போட்டிக்கான கைத்துப்பாக்கியின் பிடி, குறிநோக்கி, டிரிகர், எடைச் சமநிலை ஆகியவற்றை விதிகளுக்கு உட்பட்டுச் சுடுபவரின் உடலுக்கு ஏற்ப மாற்றியமைக்கும் வேலையே போட்டிக் கைத்துப்பாக்கித் திருத்தம். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளில் தரச் சோதனைப் பிரிவில் நிற்பவருக்கு இதன் தர்க்கத்தை விளக்கத் தேவையில்லை. அவர் கையில் ஒரு கோ–நோகோ கேஜ் இருக்கும். ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. கேஜுக்கு ஒத்துவராத பாகம் எவ்வளவு அழகாகக் கடையப்பட்டிருந்தாலும் ரிஜெக்ட் தொட்டிக்குத்தான் போகும். சுடுதளத்தின் கருவிச் சோதனை மேசையில் இருப்பதும் அதே வகைப் பொருள்தான்: 420 மி.மீ. நீளம், 200 மி.மீ. உயரம், 50 மி.மீ. அகலம் கொண்ட ஒரு பெட்டி. 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கி அதற்குள் அடங்க வேண்டும். எல்லாம் சேர்த்து 1500 கிராமைத் தாண்டக் கூடாது. டிரிகர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும். இந்தப் பெட்டியைப் புதுமைக்குப் போட்ட பூட்டு என்று சொல்பவர்கள் உண்டு. நூற்றாண்டுக் கணக்கைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. விதி ஒவ்வொரு கதவாக அடைத்த பிறகுதான் கைவேலை முழுவதும் திறந்து கிடந்த ஓர் இடத்துக்கு, சுடுபவரின் உள்ளங்கைக்கு, வந்து சேர்ந்தது.

கருவி பற்றிய தகராறு இந்த விளையாட்டோடு கூடவே பிறந்தது. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கச் சகோதரர்கள் ஜான் பெய்ன், சம்னர் பெய்ன் இருவரும் 25 மீட்டர் வேகச் சுடுதலில் அனுமதிக்கப்படவில்லை. அவர்களுடைய துப்பாக்கிகள் வழக்கமான துளை அளவில் இல்லை என்பது காரணம். 1907இல் சூரிச்சில் சர்வதேசச் சுடுதல் சங்கம் உருவானது, இன்றைய ஐ.எஸ்.எஸ்.எஃப். அதன் தொடர்ச்சிதான். ஆனாலும் கருவியின் வடிவத்தை அடியோடு கட்டிப்போட வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது 1956 மெல்போர்னுக்குப் பிறகே. வேகச் சுடுதலுக்குச் சோவியத் வீரர்கள் கொண்டுவந்த எம்.டி.எஸ்–3 துப்பாக்கி பார்வைக்கே தலைகீழாக இருந்தது. சாதாரணத் துப்பாக்கியில் குழல் கைக்கு மேலே இருப்பதால், வெடிக்கும்போது பின்னோக்கி வரும் தள்ளல் மணிக்கட்டை மேலே தூக்கும். அடுத்த இலக்குக்குக் குறியைத் திரும்பப் பிடிக்க ஒரு கணம் வீணாகும். குழலைக் கையின் மட்டத்துக்கு இறக்கிவிட்டால் தள்ளல் நேராகத் தோளுக்குப் போகும், முனை எகிறாது. இயற்பியல் கணக்குப்படி குறையே சொல்ல முடியாத யோசனை. சங்கம் அதைத் தடுத்துவிட்டது. குழலின் மைய அச்சு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவட்டுக்கு மேலேதான் போக வேண்டும் என்ற இன்றைய விதியும், 25 மீட்டர் துப்பாக்கிகளுக்கான 300 × 150 × 50 மி.மீ. பெட்டியும் அந்த வடிவத்துக்கு இடமே வைக்கவில்லை.

இரண்டாவது பெரிய கதவடைப்பு 2005இல் நடந்தது. அதுவரை வேகச் சுடுதலுக்கென்றே தனிச் சாதி துப்பாக்கி இருந்தது. வலு குறைந்த .22 ஷார்ட் தோட்டா, வாயுவை மேல்நோக்கிக் கக்கித் துள்ளலை அடக்கும் துளையிட்ட குழல், கையைச் சுற்றி வளைக்கும் பிடி, எடைக்குக் கீழ்வரம்பே இல்லாத டிரிகர் என்று எல்லாமே அந்த ஒரு போட்டிக்காக. புதிய விதி .22 லாங் ரைஃபிள் தோட்டாவையும் 1000 கிராம் டிரிகரையும் கட்டாயமாக்கியது. துளையிட்ட குழலும் துள்ளல் தடுப்பானும் போயின. அந்தப் பிரிவில் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜெர்மானியர் ரால்ஃப் ஷுமானின் தலைமுறைக்கு, பாதி ஆயுள் பழகிய கருவி ஒரே நாளில் அலமாரிப் பொருளானது. அவர்கள் கோபப்பட்டதில் நியாயம் உண்டு. ஆனால் மறுபக்கக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரே 25 மீட்டர் துப்பாக்கியைக் கொண்டு வேகச் சுடுதல், ஸ்டாண்டர்ட், மகளிர் 25 மீட்டர் என எல்லாப் பிரிவிலும் நிற்கலாம் என்றானது. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் உரிமம், இறக்குமதி அனுமதி என்று அலைய வேண்டிய நம் நாட்டில் அது சின்ன விஷயமில்லை. ராணுவ வீரர் விஜய் குமார் 2012 லண்டனில் வேகச் சுடுதலில் வெள்ளி வென்றது இந்த இறுக்கிய விதிகளின் கீழ்தான்.

விதி தளர்ந்தால் சாதனை பெருகும் என்ற வாதத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல களம் இருக்கிறது. 50 மீட்டர் கைத்துப்பாக்கி, பழைய பெயரில் ஃப்ரீ பிஸ்டல், ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்த பிரிவு. எடைக்கு வரம்பில்லை, குழல் நீளத்துக்கு வரம்பில்லை, மூச்சுப் பட்டாலே விழும் அளவுக்கு டிரிகரை இளக்கலாம், பிடி கையை உறைபோல மூடலாம். மணிக்கட்டு மட்டும் வெளியே தெரிய வேண்டும், குறிநோக்கி திறந்ததாக இருக்க வேண்டும். இவ்வளவு சுதந்திரம் என்ன தந்தது? 1936 பெர்லினில் ஸ்வீடனின் டோர்ஸ்டன் உல்மன் 600க்கு 559 எடுத்தார். 1960 ரோமில் தங்கம் வென்ற அலெக்சி குஷ்சின் 560. இருபத்து நான்கு ஆண்டுகளில் கூடியது ஒரே ஒரு புள்ளி. 1980 மாஸ்கோவில் அலெக்சாண்டர் மெலென்டியெவ் 581 எடுத்தார். அந்த உலக சாதனை 34 ஆண்டுகள் அசையவில்லை. 2014 கிரனடா உலகப் போட்டியில் கொரியாவின் ஜின் ஜாங்–ஓ 583 எடுத்து அதைத் தாண்டினார். அன்று அவருக்கு அடுத்து வெள்ளி வென்றவர் நம் ஜீத்து ராய். மனித உடலின் எல்லைதான் புள்ளியைத் தடுத்தது, கருவி என்ன செய்யும் என்று கேட்கலாம். அதையேதான் இந்தக் கணக்கும் காட்டுகிறது. கை நடுக்கம், நாடித் துடிப்பு, மூச்சு ஆகியவை போட்ட எல்லையை எந்திரத்தின் சுதந்திரம் நகர்த்தவில்லை. 2016 ரியோவோடு அந்தப் பிரிவு ஒலிம்பிக்கிலிருந்து விடைபெற்றது. கடைசித் தங்கத்தையும் ஜின்னே வாங்கினார், தனக்கெனச் செய்த சிவப்பு நிற மொரினி துப்பாக்கியால். நிறத்துக்கு விதி இல்லை.

அப்படியானால் திருத்துபவருக்கு என்னதான் மிச்சம்? பிடி. போட்டித் துப்பாக்கியோடு வரும் வால்நட் மரப்பிடி ஏதோ ஒரு சராசரிக் கைக்குச் செதுக்கியது. அந்தச் சராசரிக் கை யாருக்கும் இருப்பதில்லை. உள்ளங்கையில் கரியையோ சாயத்தையோ தடவிப் பிடியைப் பற்றினால் எங்கெல்லாம் கை அழுந்துகிறது என்று கறை காட்டும். அழுந்தும் இடத்தை அரத்தால் ராவ வேண்டும், இடைவெளி விடும் இடத்தில் மரப்புட்டி அப்ப வேண்டும், காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு மறுபடி பிடித்துப் பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் இழுக்கும் வேலை இது. கண்ணை மூடிக் கையை உயர்த்தித் திறந்தால் முன் குறியும் பின் குறியும் தாமாகவே ஒரு வரிசையில் நிற்க வேண்டும். மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டியிருந்தால் பிடி இன்னும் சரியாகவில்லை என்று பொருள். இதிலும் விதி குறுக்கே வரும். பிடியின் எந்தப் பகுதியும் கையைத் தாண்டி மணிக்கட்டைத் தொட்டுத் தாங்கக் கூடாது. அடிப்புறத்தில் உள்ளங்கை அமரும் தட்டு பிடிக்குச் செங்குத்துக்குக் குறையாத கோணத்தில்தான் நீள வேண்டும். மேல்நோக்கி வளைந்து கையைக் கவ்வக் கூடாது. கட்டைவிரல் தடையின்றி மேலே எழும்ப வேண்டும். விதியின் கருத்து தெளிவு: கருவி கையில் பொருந்தலாம், கையைக் கட்டக் கூடாது.

காற்றுக் கைத்துப்பாக்கியின் உட்புறம் வேறு வழியில் வளர்ந்தது; அங்கே வேலை தயாரிப்பாளருடையது. 1965இல் வந்த ஃபைன்வெர்க்பாவ் 65இல் சுருள்வில்லின் உதையைச் சறுக்கும் தண்டவாளம் ஒன்று வாங்கிக்கொண்டது. பிறகு ஒரே அழுத்தலில் காற்றடைக்கும் வகை, கரியமில வாயுக் குழாய், கடைசியாக 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்த உருளை என்று ஒவ்வொன்றாக வந்தன. உருளைக்குக் காலாவதித் தேதி உண்டு, அதைக் கவனிக்க வேண்டியவர் சுடுபவர்தான் என்று விதி சொல்கிறது. கேஸ் சிலிண்டரில் தேதி பார்த்து வாங்கும் வீட்டுக்காரரின் எச்சரிக்கை இங்கேயும் வேண்டும். டிரிகரில் திருகுகளைத் திருப்பி முதல் இழுப்பின் தூரத்தையும் எடையையும் மாற்றலாம். எடைச் சோதனையில் குழலைச் செங்குத்தாக நிறுத்தி, மேசையில் கிடக்கும் 500 கிராம் எடைக்கல்லை டிரிகரில் மாட்டித் தூக்குவார்கள். கல் மேசையைவிட்டு எழ வேண்டும், டிரிகர் விழக் கூடாது. அதனால் அனுபவசாலிகள் சரியாக 500இல் வைப்பதில்லை, சில கிராம் கூட்டியே வைப்பார்கள். காரணம், போட்டி முடிந்த பிறகும் சீட்டுக் குலுக்கிச் சிலரை அழைத்துச் சோதிப்பார்கள்; அங்கே தவறினால் எடுத்த புள்ளி முழுவதும் போய்விடும்.

இந்தியாவில் இந்த விதிநூலுக்கு வெளியே இன்னொரு சட்டம் நிற்கிறது. 1959 ஆயுதச் சட்டப்படி, வெடிமருந்துத் துப்பாக்கியைச் செய்வது மட்டுமில்லை, பழுதுபார்ப்பதும் மாற்றியமைப்பதும்கூட உரிமம் உள்ளவரின் தொழில். 0.177 அங்குலத்துக்கு மேற்படாத துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமக் கெடுபிடி இல்லை. நாட்டின் புதிய தலைமுறை 10 மீட்டர் பக்கம் குவிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1951இல் மக்களவையின் முதல் சபாநாயகரான மாவலங்கரின் முயற்சியில் தேசிய ரைபிள் சங்கம் உருவான நாள் முதல் பந்தயத்தரக் கருவிகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்தே வருகின்றன. கருவி கெட்டால் என்ன ஆகும் என்பதை 2021இல் டோக்கியோ காட்டியது. தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் துப்பாக்கி பழுதானது. சரிசெய்ய ஏறக்குறைய 20 நிமிடம் போயிற்று. மீதிக் குண்டுகளை அவசரமாகச் சுட்டு 575 எடுத்து 12ஆம் இடத்தில் நின்றார். மாற்றுத் துப்பாக்கி எடுத்திருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். எண்ணில்தான் அது இன்னொரு துப்பாக்கி. கைக்குப் பழகிய பிடியும் டிரிகரும் எண்ணில் வராது. 2024 பாரிஸில் அவரே இரண்டு வெண்கலம் வென்றார்.

அதே பாரிஸ் இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு எதிராகவும் காட்டப்படுகிறது. துருக்கியின் யூசுப் டிகெச் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, குறிக்கண்ணாடி எதுவும் மாட்டாமல் கலப்பு இரட்டையர் வெள்ளியைச் சுட்டுவிட்டுப் போனார். கருவி வெறும் ஆடம்பரம் என்று உலகமே மீம் போட்டது. அவர் விட்டது கண்ணருகே மாட்டும் தனிக் கண்ணாடியையும் மறைப்பையும்தான். கையில் இருந்தது சோதனை மேசையைக் கடந்து வந்த பந்தயத் துப்பாக்கி. இதைவிடக் கனமான மறுப்பு விலையைப் பற்றியது. பெட்டி நீள அகலத்தை அளக்கும், விலையை அளக்காது. ஒரு நல்ல காற்றுக் கைத்துப்பாக்கிக்கு லட்சக்கணக்கில் கொடுக்க வேண்டும். கிளப்பின் பொதுத் துப்பாக்கியை நாலு பேர் மாற்றி மாற்றிச் சுடும் இடத்தில் பிடியை யார் கைக்குச் செதுக்குவது? விதி இதற்குப் பதில் சொல்லவில்லை. எல்லாம் திறந்துவிடப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்பதை மட்டும் ஃப்ரீ பிஸ்டலும் பழைய வேகச் சுடுதலும் நினைவூட்டுகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறந்த மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக்கில் விதிக்கும் திருத்தத்துக்கும் இடையிலான இந்த வழக்கு நன்றாகப் பழகிய ஒன்று. கம்பெனி வண்டியை அப்படியே ஓட்டும் வகுப்பும் திருத்திய வண்டிக்கான வகுப்பும் தனித்தனி. பந்தயத்துக்கு முன்னும் பின்னும் வண்டியைத் தராசில் ஏற்றுவார்கள். அந்தத் தடத்தில் ஓட்டிய நடிகர் அஜித்குமார் 2022 ஜூலையில் திருச்சி ரைபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டியில் கைத்துப்பாக்கியோடு நின்று பதக்கம் வாங்கினார். இரண்டு களத்திலும் அவர் தாண்ட வேண்டியிருந்தது ஒரே மாதிரியான மேசையை.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதிக்கும் சுடுதளத்துக்கும் இடையே தூரம் அதிகமில்லை. செங்கல்பட்டு மாவட்டத்து ஒத்திவாக்கத்தில் தமிழ்நாடு காவல்துறையின் கமாண்டோ சுடுதளம் இருக்கிறது. மாநில, தேசிய அளவிலான காவலர் போட்டிகள் அங்கே நடக்கின்றன. இந்தப் பக்கம் மைக்ரான் கணக்கில் உலோகம் கடையும் பட்டறைகள், வல்லம் வடகாலில் வானூர்திப் பூங்கா. 2019 ஜனவரியில் தொடங்கிவைத்த தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னையும் ஒரு முனை. திறமை இருக்கிறதே, டிரிகரையும் குழலையும் இங்கேயே செய்தால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். உரிமம் இல்லாத பட்டறை வெடிமருந்துத் துப்பாக்கியின் எந்திரத்தைத் தொட முடியாது, தொடவும் வேண்டாம். பிடி அப்படி இல்லை. அது சுடாத பாகம், மரமோ நைலானோ போதும். கையைக் களிமண்ணில் பதித்து அச்செடுத்து, ஸ்கேன் செய்து, கணினியில் வரைந்து, முப்பரிமாண அச்சில் வார்க்கலாம், சி.என்.சி. எந்திரத்தில் வால்நட்டைக் குடையலாம். வாகன உதிரிபாகத்துக்குத் தினமும் மாதிரி வார்க்கும் கைகளுக்கு இது அன்றாட வேலை. ஒன்றை மட்டும் கவனத்தில் வைக்க வேண்டும். பெரிய உள்ளங்கைக்குக் கட்டைவிரல் தாங்கியும் விரல் மேடும் சேர்த்து வரைந்தால் பிடி சுலபமாக 50 மி.மீ. அகலத்தைத் தொட்டுவிடும். கணினித் திரையில் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், சோதனை மேசையில் பெட்டியின் மூடி படியாவிட்டால், சுடுபவர் வரிசையிலிருந்து விலகி ஓர் ஓரமாக உட்கார்ந்து உப்புத்தாளை எடுக்க வேண்டியதுதான்.