ஆடிக் காத்தில் நின்ன காத்தாடி

உடுமலைப் பக்கம் வர்றவங்க காத்தாடிகளைப் பாத்தாக் காரை நிறுத்திப் போட்டோ எடுக்குறீங்க. அதுல ஒண்ணு நிக்கிறது எங்கப்பா தொண்ணூறுகள்ல வித்த மேட்டுக்காடு. கொள்ளு மட்டும் விளைஞ்ச மண்ணுங்க. கெடைச்ச காசுல கெணத்தை ஆழப்படுத்தினார்.

ஒரு ஆடி மாசம், பத்துப் பன்னிரண்டு வருசம் இருக்கும். ஆளையே தள்ளுற காத்து. அந்தக் காத்தாடி மட்டும் அசையாம நின்னுது. ரிப்பேரான்னு காவலாளியைக் கேட்டேன். "இல்லீங்க, கரண்டு வேண்டாம், நிறுத்துன்னுட்டாங்க"ன்னார். எங்களுக்கு மும்முனை கரண்டு வர்றதே முறை வெச்சு. அப்புறம் யாருக்கு வேண்டாம்?

அதைத் தேடப் போய்த்தான் இந்தப் பழைய கதையெல்லாம் படிச்சேன்.

கோவை மில்லுகளுக்கும் எங்க கெணறுகளுக்கும் முதல்ல வந்தது பைக்காரா தண்ணியில எடுத்த கரண்டு. புகையே இல்லாத கரண்டு. 1957 ஜூலை 1ல் மின்சார வாரியம் வந்தது. உற்பத்தி, கம்பி, பில்லு எல்லாம் ஒரே கையில். கிராமத்துக்குக் கம்பி இழுத்தது அந்த வாரியந்தான், அதை மறக்கக் கூடாது. ஆனா மோட்டாரும் ஊரும் பெருகப் பெருக ஆத்துத் தண்ணி பத்தல. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி, எண்ணூர், தூத்துக்குடின்னு அனல் பக்கம் போயாச்சு. நிலக்கரியில ஒரு யூனிட் எடுத்தா ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு. என்னோட அஞ்சு ஹெச்பி மோட்டார் ஆறு மணி நேரம் ஓடினா இருபது யூனிட்டுக்கு மேல. கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.

எங்களுக்கு அது இலவசம். சும்மா வந்ததில்லைங்க. கட்டண உயர்வை எதிர்த்து 1970ல் பெருமாநல்லூர்ல மூணு விவசாயிங்க துப்பாக்கிச் சூட்டில் செத்தாங்க. நாராயணசாமி நாயுடு தலைமையில கட்டை வண்டிப் போராட்டம் வரை போனது. 1990ல் எல்லா விவசாயிக்கும் இலவசமாச்சு.

காத்தாடி கதை வேற. 1986ல் தூத்துக்குடி பக்கம் அரசாங்கம் சோதனைக்கு நட்டது. தொண்ணூறுகள்ல வருமான வரிச் சலுகைக்காக மில்லுக்காரங்க நட்டாங்க. புவி சூடாகுதுன்னு யாரும் நடல. கம்பி மட்டும் அந்த வேகத்துல வளரல. அதோட, அனல் நிலையத்தை நெனச்ச நேரத்துல அணைச்சுக் கொளுத்த முடியாது. ஒப்பந்தம் போட்டிருந்தா, கரண்டு எடுக்காட்டியும் நிலைக்கட்டணம் கட்டணும். அதனால கம்பி நிறைஞ்சா நிக்கச் சொல்றது காத்தாடியைத்தான். புகையில்லாத கரண்டு நிக்கும், புகை ஓடும்.

2003 மின்சாரச் சட்டப்படி 2010 நவம்பர்ல வாரியத்தை உடைச்சாங்க. உற்பத்தியும் பகிர்மானமும் ஒரு கம்பெனி, பெரிய கம்பி இன்னொண்ணு. அதுக்குக் காரணம் கணக்கு வழக்கு, புகையில்லை. 2024லதான் உற்பத்தி, பகிர்மானம், பசுமை எரிசக்தின்னு மூணாப் பிரிச்சாங்க. காத்துக்கும் வெயிலுக்கும்னு தனி வீடு கெடைச்சிருக்கு. எனக்கு அது சரின்னுதான் படுது, நிலக்கரியோட ஒரே வீட்ல இருந்தவரைக்கும் காத்து விருந்தாளிதான். ஆனா பிரிக்கப் பிரிக்க ஒவ்வொருத்தரும் தன் நட்டத்தை எண்ணுவாங்க, எண்ணினா எங்க மோட்டார் மேலதான் கண்ணு போகும்னு பயமும் இருக்கு. பகல்ல, வெயில் கரண்டு பெருகுற நேரத்துல மும்முனை கொடுத்தா ராத்திரி பாம்புக்குப் பயந்து தண்ணி கட்ட வேண்டாம், அவங்களுக்கும் நிலக்கரி மிச்சம்.

போன வாரம் லைன்மேன் மோட்டாரைப் பாக்க வந்தார். இப்ப நீங்க எந்தக் கம்பெனி தம்பின்னு கேட்டேன்.

"எனக்கே சரியாத் தெரியலீங்கண்ணா. ஏணியக் கொஞ்சம் புடிங்க."