ரிமோட் கார்: பெற்றோருக்காகத் திரும்பி வந்த பொம்மை

பிள்ளைக்குன்னு ரிமோட் கார் வாங்கிட்டு, ரிமோட்டைப் பிள்ளை கையில கொடுக்காத ஆளா நீங்க? உங்களை நம்பி ஒரு கம்பெனியே பழைய மாடல்களை மறுபடி இறக்கியிருக்கு.

1898ல் நியூயார்க்கில் நிகோலா டெஸ்லா ஒரு சின்னப் படகை ரேடியோ அலையால் ஓட்டிக் காட்டினார். கார் கடைக்கு வந்தது 1966ல். இத்தாலியின் எல்-ஜி நிறுவனம் விற்ற ஃபெராரி 250 எல்எம்.

ஆனா பிள்ளைகளைப் பைத்தியமாக்கினது ஜப்பானின் தமியா. 1976ல் போர்ஷே 934 வந்தது. அளவு சரியா வரணும்னு நிஜ போர்ஷே 911 ஒண்ணை வாங்கிப் பிரிச்சே பார்த்துட்டாங்க! 1984ல் ஹார்னெட், கிராஸ்ஹாப்பர். பெட்டியில் இருப்பது கார் இல்லை, உதிரி பாகங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவா நாமே முடுக்கணும். கையால கட்டினது மறக்குமா?

அந்தப் பிள்ளைகள் அம்மா அப்பா ஆனாங்க. 2004ல் ஹார்னெட்டும், 2005ல் கிராஸ்ஹாப்பரும் திரும்பி வந்தன.

அன்று 27 மெகாஹெர்ட்ஸ். பக்கத்துப் பையனுக்கும் அதே கிரிஸ்டல்னா ரெண்டு காரும் தறிகெட்டு ஓடும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்தச் சண்டை இல்லை.

டாக்டரா ஒண்ணு சொல்லிடறேன். சில சின்ன ரிமோட்களில் பட்டன் பேட்டரி இருக்கும். குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினா, 2 மணி நேரத்திலேயே அரிச்சுப் புண்ணாக்கிடும். வாந்தி எடுக்க வைக்காதீங்க. எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே ஓடுங்க. பேட்டரி மூடியில ஸ்க்ரூ இருக்கிற ரிமோட்டாப் பார்த்து வாங்குங்க.