கடலின் பருவமும் கொலராவின் பருவமும்

கொலரா என்றதும் அசுத்தமான கிணறுகளும் மலசலகூட வசதியற்ற குடியிருப்புகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அது தவறன்று. எனினும் அந்நோயை உண்டாக்கும் 'விப்ரியோ கொலரே' என்னும் பக்டீரியாவுக்குக் கழிமுகங்களும் கரையோர உவர்நீரும் இயற்கையான இருப்பிடங்கள் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

1884 இல் ரொபர்ட் கொக் கல்கத்தாவில் இக்கிருமியைப் பிரித்தெடுத்தார். அதன் பின்னர் நெடுங்காலமாக, நோயாளியின் கழிவே அதன் ஒரே ஊற்று என மருத்துவ உலகம் கருதியது. நோயற்ற மாதங்களில் கிருமி எங்கே மறைகின்றது என்ற வினா விடையின்றி நின்றது. 1970களில் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கொல்வெலும் அவரது சகாக்களும், கொலரா பரவியிராத செசபீக் குடாவின் நீரிலேயே அதனைக் கண்டறிந்தனர். பாதகமான காலங்களில் அது ஆய்வுகூட வளர்ப்பூடகத்தில் பெருகாத நிலையை அடைந்து, உயிருடன் காத்திருக்கின்றது என்பதையும் பின்னர் எடுத்துக்காட்டினர்.

இப்பக்டீரியாவின் பரம்பலைத் தீர்மானிப்பவற்றுள் வெப்பநிலையும் உவர்த்தன்மையும் முதன்மையானவை. நன்னீரும் கடல்நீரும் கலக்கும் இடங்களே அதற்கு உகந்தவை. செசபீக் குடாவில் நீர் 19 பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பமடைந்த காலங்களிலும், ஆயிரத்துக்கு 2 முதல் 14 பங்கு வரை உப்புள்ள பகுதிகளிலுமே அது அதிகமாகக் கிடைத்தது. கோப்பிபோட் எனப்படும் நுண்ணிய விலங்குப் பிளாந்தன்களின் உடலில் அது ஒட்டி வாழ்கின்றது. ஆகவே பிளாந்தன்கள் பெருகும் காலத்தில் அதுவும் பெருகுகின்றது.

இவ்வொழுங்கின் விளைவைப் பங்களாதேஷில் தெளிவாகக் காணலாம். அங்கு கொலரா ஆண்டுக்கு இரு தடவை உச்சமடைகின்றது. பருவமழைக்கு முந்திய வெப்ப மாதங்களில் ஆறுகளின் நீரோட்டம் குறைய, வங்காள விரிகுடாவின் உவர்நீர் பிளாந்தன்களுடன் உள்நோக்கி நகர்கின்றது. கரையோர மக்கள் முதலில் பாதிக்கப்படுகின்றனர். மழைக்குப் பின் வெள்ளம் கழிவையும் குடிநீரையும் ஒன்றாக்க, உட்பகுதிகளில் இரண்டாவது உச்சம் தோன்றுகின்றது.

பெரியம்மை மனிதரிடம் மட்டுமே வாழ்ந்தது. எனவேதான் 1980 இல் அது ஒழிக்கப்பட்டதாக அறிவிக்க முடிந்தது. கடலில் வீடு கொண்ட கொலராவை அவ்வாறு வேரறுக்க இயலாது. ஆனால் அதன் வருகையை முன்னுணர இயலும். கடல் மேற்பரப்பின் வெப்பநிலையையும் பிளாந்தன்களின் பெருக்கத்தைக் காட்டும் பச்சையத்தையும் செய்மதிகள் இன்று அளந்து தருகின்றன.

தடுப்புக்கும் இவ்வறிவே வழிகாட்டியது. தனித்த பக்டீரியா துணியின் இழைகளூடாகப் புகுந்துவிடும்; பிளாந்தனில் ஒட்டியிருப்பது புகாது. பங்களாதேஷின் 65 கிராமங்களில் நடத்தப்பட்டு 2003 இல் வெளியான ஆய்வில், பழைய சேலையைப் பல மடிப்பாக்கி நீரை வடித்துப் பருகியோரிடையே கொலரா 48 சதவீதத்தால் குறைந்தது.

கடல்கள் வெப்பமடைந்து வருகையில் இக்கிருமிக் குடும்பத்தின் பருவமும் எல்லையும் விரிகின்றன. 2014 கோடையின் கடும் வெப்பத்தில் குளிர்நாடுகளான சுவீடனிலும் பின்லாந்திலும்கூட விப்ரியோ தொற்றுக்கள் பதிவாகின. கடலைச் சுத்திகரிக்க நம்மால் இயலாது. குடத்து நீரைக் காக்க இயலும். ஆபத்து வரும் மாதத்தையும் இடத்தையும் முன்கூட்டியே அறிந்த பின்னரும் சுத்தமான குடிநீரை வழங்கத் தவறினால், அப்பழியைக் கடல்மீது சுமத்த முடியாது.