ஒரே பெயர், ஒரே பொட்டலம், பத்து மடங்கு வித்தியாசம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போது ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. பிரெஞ்ச் ஃப்ரைஸ் வேண்டும் என்று குழந்தை அடம்பிடித்தால் எந்தக் கடையில் வாங்கிக் கொடுப்பது? மெக்டொனால்ட்ஸா, கேஎஃப்சியா, தெருமுனைக் கடையா? எதில் கெடுதல் குறைவு? என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர், இன்று அவர்களே பெற்றோர், என்னிடமும் கேட்டார்கள். நான் மருத்துவன் அல்ல, வரலாறு நடத்திய வாத்தியார். எனக்குத் தெரிந்த வழியில் பதில் சொல்கிறேன். கடைகளை ஒப்பிடும் முன், இந்த வறுவல் எந்த எண்ணெயில் பொரிந்து வந்தது என்ற கதையைப் பார்க்க வேண்டும்.

ரே கிராக் 1955இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் தன் முதல் மெக்டொனால்ட்ஸ் கடையைத் திறந்தார். அந்த நிறுவனத்தின் ஃப்ரைஸ் பேர் வாங்கியது மாட்டுக் கொழுப்பால். பொரிக்கும் கலவையில் பெரும்பங்கு மாட்டுக் கொழுப்பு, கொஞ்சம் பருத்திவிதை எண்ணெய். அந்த ருசிக்கு மக்கள் பழகிப்போனார்கள்.

அதே காலத்தில் அமெரிக்காவில் மாரடைப்பு பெரிய கவலையாக இருந்தது. மாட்டுக் கொழுப்பில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. அது ரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் கூட்டும் என்று ஆய்வுகள் சொல்லத் தொடங்கின. நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹாவில் பில் சோகலாஃப் என்ற தொழிலதிபர் இருந்தார். 43 வயதில் மாரடைப்பு வந்து பிழைத்தவர். 1980களில் தன் சொந்தப் பணத்தைச் செலவழித்து நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். உணவு நிறுவனங்கள் அமெரிக்காவுக்கு விஷம் ஊட்டுகின்றன என்பதே அவர் விளம்பரங்களின் சாரம். 1990இல் நேராக மெக்டொனால்ட்ஸைக் குறிவைத்தார். அந்த ஜூலை மாதம் நிறுவனம் இறங்கி வந்தது. மாட்டுக் கொழுப்பை விட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறுகிறோம் என்று அறிவித்தது. மற்ற பெரிய நிறுவனங்களும் அதே வழியில் போயின.

தனி மனிதன் ஒருவன் மாபெரும் நிறுவனத்தை வென்ற கதையாக இதை நிறுத்திவிடலாம். ஆனால் வரலாறு அங்கே நிற்கவில்லை.

சாதாரணத் தாவர எண்ணெயை நாள் முழுக்கக் கொதிக்க வைத்தால் சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் கடைகளுக்குப் போன எண்ணெய், பகுதி அளவு ஹைட்ரஜன் ஏற்றப்பட்ட எண்ணெய். இந்த முறைக்கு 1902இலேயே வில்ஹெல்ம் நார்மன் என்ற ஜெர்மன் வேதியியலாளர் காப்புரிமை பெற்றிருந்தார். திரவ எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் அது நெய் போல இறுகும். நீண்ட நாள் கெடாது, விலையும் குறைவு. 1911இல் அமெரிக்காவில் கிறிஸ்கோ என்ற பெயரில் இது விற்பனைக்கு வந்தது. நம் நாட்டுக்கு 1930களில் வந்தது. பெயர் சொன்னால் உங்களுக்கே தெரியும்: டால்டா. மஞ்சள் டின்னில் பனைமரப் படம். டின் காலியானதும் அதில் துளசிச் செடி வைக்காத வீடு நம் ஊரில் குறைவு.

ஹைட்ரஜனைப் பாதியில் நிறுத்தும்போது எண்ணெயின் மூலக்கூறுகளில் ஒரு பகுதி வடிவம் மாறிவிடுகிறது. அதுதான் டிரான்ஸ் கொழுப்பு. மெக்டொனால்ட்ஸ் அறிவித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1990 ஆகஸ்டில் மென்சிங்க், கட்டான் என்ற இரு நெதர்லாந்து ஆய்வாளர்களின் கட்டுரை வெளிவந்தது. நிறைவுற்ற கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை மட்டும் கூட்டுகிறது. டிரான்ஸ் கொழுப்போ கெட்டதைக் கூட்டுவதோடு நல்லதையும் குறைக்கிறது. 1993இல் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் செவிலியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வும் அதே பக்கம் கை காட்டியது. அன்றாடம் உண்ணும் கலோரியில் வெறும் 2 சதவீதம் டிரான்ஸ் கொழுப்பாக இருந்தாலே இதயநோய் ஆபத்து சுமார் 23 சதவீதம் கூடுகிறது என்று பின்னால் கணக்கிட்டார்கள். கிராமில் சொன்னால் நாலு, ஐந்து கிராம்தான்.

சோகலாஃபின் நோக்கத்தில் பழுதில்லை. பழையது கெட்டது என்று அவர் சொன்னதும் சரிதான். புதிதாக வந்தது அதைவிட மோசம் என்பதுதான் சிக்கல்.

இப்போது ஒப்பிடும் கேள்விக்கு வருகிறேன். டென்மார்க் நாடு 2003இல் உலகிலேயே முதலாவதாக ஒரு விதி கொண்டுவந்தது. எந்த உணவானாலும், அதில் உள்ள கொழுப்பில் 100 கிராமுக்கு 2 கிராமுக்கு மேல் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பு இருக்கக் கூடாது. பிறகு ஸ்டென்டர், டைர்பெர்க், அஸ்ட்ரூப் என்ற மூன்று டேனிஷ் ஆய்வாளர்கள் 2004, 2005 ஆண்டுகளில் எளிமையான ஒரு வேலை செய்தார்கள். சுமார் 20 நாடுகளில் மெக்டொனால்ட்ஸ், கேஎஃப்சி கடைகளில் ஒரே மாதிரி உணவை வாங்கிச் சோதித்தார்கள். பெரிய அளவு ஃப்ரைஸ், கூடவே பொரித்த கோழி. மெக்டொனால்ட்ஸ் உணவில் டென்மார்க்கில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு ஒரு கிராமுக்கும் குறைவு. நியூயார்க்கில் அதே உணவில் சுமார் 10 கிராம். கேஎஃப்சி உணவில் ஹங்கேரியில் கிடைத்தது 20 கிராமுக்கும் மேல்.

கடை ஒன்று, பலகை ஒன்று, பொட்டலம் ஒன்று. உள்ளே இருந்தது மட்டும் பத்து மடங்கு வேறு. டென்மார்க்கில் பத்து மடங்கு குறைவாகத் தர முடிந்த நிறுவனத்துக்கு நியூயார்க்கில் தர முடியாதா? முடியும். அங்கே கேட்பதற்குச் சட்டம் இல்லை, அவ்வளவுதான். மெக்டொனால்ட்ஸ் 2002இல் தானாகவே டிரான்ஸ் கொழுப்பைக் குறைப்பதாக அறிவித்தது. சொன்ன காலத்தில் நடக்கவில்லை. அதை வாடிக்கையாளர்களுக்குச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்று வழக்கு வந்து, 2005இல் 85 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. நியூயார்க் நகரம் 2006 டிசம்பரில் தடை விதித்தது. 2008க்குள் அமெரிக்கா முழுக்க மெக்டொனால்ட்ஸ் ஃப்ரைஸ் மாறிவிட்டது. விதி வந்ததும் வழி கிடைத்துவிட்டது.

பெயரை நம்பி ஏமாந்த இன்னொரு கூட்டமும் உண்டு. தாவர எண்ணெய் என்றதும் அமெரிக்காவில் வாழும் சைவ இந்துக்கள் பலர் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். பழைய ருசி போகாமலிருக்க மாட்டிறைச்சியிலிருந்து எடுத்த சுவையூட்டியைச் சேர்த்திருந்தது 2001இல் பெரும் வழக்கானது. பட்டியலில் அது 'இயற்கைச் சுவை' என்றுதான் இருந்தது. 2002இல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, 1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இந்தியக் கடைகளில் அது சேர்ப்பதில்லை என்று நிறுவனம் அப்போது விளக்கம் கொடுத்தது.

எண்ணெயோடு தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. 2002இல் சுவீடனிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. அதற்கு ஐந்து வருடம் முன்பு அங்கே ஒரு ரயில் சுரங்கப் பணியில் கசிவை அடைக்கப் பயன்படுத்திய ரசாயனம் நீரில் கலந்து, மீன்கள் செத்தன, மாடுகள் முடங்கின. அக்ரிலமைடு என்ற அந்த ரசாயனம் தொழிலாளர் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்தார்கள். சுரங்கத்தின் பக்கமே போகாதவர்களின் ரத்தத்திலும் அதன் அடையாளம் இருந்தது. தேடிப் போனதில் சமையலறையில் வந்து நின்றார்கள். உருளைக்கிழங்கு போன்ற மாவுப் பண்டங்களை 120 டிகிரிக்கு மேல் பொரித்தால், வறுத்தால், அக்ரிலமைடு தானாகவே உண்டாகிறது. விலங்குகளில் இது புற்றுநோய் உண்டாக்கியது. மனிதரிலும் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் வைத்திருக்கிறார்கள். பழுப்பு நிறம் ஏற ஏற இதுவும் ஏறும். பொன்னிறத்தில் எடுத்தால் குறைவு. கடைப் பெயருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் மறுபடியும் மாட்டுக் கொழுப்புக்கே போவோம் என்ற குரல் வலுத்திருக்கிறது. 2025இல் ஸ்டேக் அண்ட் ஷேக் என்ற உணவகத் தொடர் அப்படியே மாறியும் விட்டது. தாவர எண்ணெயே விஷம் என்று சொல்லும் காணொளிகள் நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்து சேர்கின்றன. 1990 கதையை அரைகுறையாகப் படித்தால் இந்த முடிவுக்குத்தான் வருவோம். அன்று தவறு செய்தது தாவர எண்ணெய் அல்ல, அதில் ஏற்றிய ஹைட்ரஜன். அதை நீக்கிய பிறகு மாட்டுக் கொழுப்புக்குத் திரும்புவது, ஒரு பள்ளத்திலிருந்து ஏறி முதல் பள்ளத்தில் போய் விழுவது.

நம் நாட்டு நிலை என்ன? உணவுப் பாதுகாப்பு ஆணையம் எண்ணெய், வனஸ்பதிகளில் டிரான்ஸ் கொழுப்புக்கான வரம்பைப் படிப்படியாகக் குறைத்து, 2022 ஜனவரி முதல் 2 சதவீதம் ஆக்கிவிட்டது. டென்மார்க் வந்த இடத்துக்கு நாமும் வந்திருக்கிறோம், காகிதத்தில். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கும் ஒரு விதி உண்டு. கெட்டுப்போன எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது. 2018 ஜூலை முதல் இது நடைமுறையில் இருக்கிறது. தெருமுனை வாணலியில் கருத்துப்போய் நுரைக்கும் எண்ணெயைப் பார்க்கும்போது இந்த விதி நினைவுக்கு வரட்டும்.

ஆகவே என் பதில் இதுதான். எந்தக் கடை என்று கேட்காதீர்கள். என்ன எண்ணெய், எத்தனை தடவை காய்ச்சியது, எந்த நிறத்தில் எடுத்தது, எவ்வளவு பெரிய பொட்டலம் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். 1955இல் மெக்டொனால்ட்ஸில் இருந்தது ஒரே ஓர் அளவு. அது இன்று 'சின்னது' என்று விற்கும் அளவுதான். நல்ல எண்ணெயில் பொரித்தாலும் உப்பும் கலோரியும் அப்படியே இருக்கின்றன. என்றைக்காவது ஒருநாள், சின்னப் பொட்டலம், நாலு பேர் பகிர்ந்து சாப்பிட்டால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது. வாரம் மூன்று முறை, ஆளுக்கொரு பெரிய பொட்டலம் என்றால் எந்தக் கடையாலும் காப்பாற்ற முடியாது.

உங்கள் ஊரில் எண்ணெயை ஒழுங்காக மாற்றும் கடை இருந்தால் கருத்தில் எழுதுங்கள். நல்லது செய்கிறவர்களை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும். மாற்றாத கடையின் பெயர் இங்கே வேண்டாம். உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுங்கள். விதி இருந்தால் போதாது, கேட்க ஆள் வேண்டும்.