முப்பது கிலோமீட்டர் கடலும் முந்நூறு கிலோமீட்டர் சுற்றும்

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஆனால் மன்னார்க்காரர் ஒருவர் பாஸ்போர்ட்டோடு முறைப்படி இராமேஸ்வரம் போவதென்றால், முதலில் கடலுக்கு முதுகு காட்டித் தெற்கே கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் பஸ் ஏற வேண்டும். அதுவே முந்நூறு கிலோமீட்டர் அளவு. அங்கிருந்து மதுரைக்குப் பறப்பது ஒரு மணி நேரம்தான். இறங்கிய பிறகு தரைவழியாக இன்னும் 170 கிலோமீட்டர்.

இந்தச் சுற்று எப்போதும் இருந்ததல்ல. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்துக் கொழும்புவரை போக முடிந்தது. தனுஷ்கோடியில் ரயில் நின்ற இடத்துக்கு அருகிலேயே கப்பல் காத்திருக்கும். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று மூன்று நீராவிக் கப்பல்கள். இரண்டு மணி நேரம் போல ஓடித் தலைமன்னார்ப் பியரை அடைந்தால், கொழும்பு ரயில் தயாராக நிற்கும். அதுதான் போட் மெயில்.

எல்லாருக்கும் அந்த இரண்டு மணி நேரம் இரண்டு மணி நேரமாக இருக்கவில்லை. தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நாட்கணக்கில் நிறுத்தி, மருத்துவச் சோதனை முடித்த பிறகே கப்பலேற்றினார்கள். முதல் வகுப்புப் பயணி அந்த முகாமை ரயில் ஜன்னல் வழியே கடந்து போனார். மலையகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் காத்திருப்பையும் பயண நேரத்தில் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

1947 டிசம்பரில் ஏர் சிலோனின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. வசதி உள்ளவர்கள் வானத்துக்கு மாறினார்கள், மற்றவர்களுக்குக் கப்பல்தான்.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980களில் இலங்கையின் உள்நாட்டுப் போர் அதையும் நிறுத்தியது. 1990இல் தலைமன்னார் ரயிலும் நின்றது. அதே கடலை அகதிகள் இரவில் மீன்பிடிப் படகுகளில் கடந்தார்கள். தோட்டத் தொழிலாளர்களை நிறுத்தி வைத்த மண்டபம், இந்த அகதிகளுக்கும் முகாமானது.

போர் முடிந்தபின் தண்டவாளம் மீண்டும் போடப்பட்டு, 2015 மார்ச்சில் ரயில் தலைமன்னார்ப் பியருக்குத் திரும்பிவிட்டது. 2019இல் யாழ்ப்பாணத்தின் பலாலிக்கும் சென்னைக்கும் இடையே விமானம் வந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் வந்தது. இரண்டும் யாழ்ப்பாணத்துக்கு நல்லவை. மன்னாரின் சுற்றுவழி அப்படியே கிடக்கிறது. இராமேஸ்வரம் – தலைமன்னார்க் கப்பலை விரைவில் விடப் பாடுபடுவதாக 2024 டிசம்பரில் இரு அரசுகளும் கூட்டாக அறிவித்தன. அறிவிப்போடு நிறுத்தாமல் இறங்குதுறைகளைச் செப்பனிட்டு, முதல் கப்பலுக்கு நாள் குறிக்க வேண்டும்.