திருமகளோட அக்கா

எங்க ஊர் கண்மாய்க்கரையில, வேலிக்கருவைக்குள்ள ஒரு கல் சாஞ்சு கிடக்கும். பெரிய வயிறோட உட்கார்ந்திருக்கிற ஒரு பெண். ஒரு பக்கம் மாட்டு முகத்தோட ஒரு ஆள், மறுபக்கம் ஒரு பொண்ணு. மேல காக்கைக் கொடி, பக்கத்துல விளக்குமாறு. சின்ன வயசுல அந்தப் பக்கம் போனா அப்பத்தா சத்தம் போடும்: "அது மூதேவிடா, வீட்டுக்குக் கூட்டியாந்துறாத!"

அவ யாருன்னு திருப்பரங்குன்றம் போனப்பதான் விளங்குச்சு. அங்க குடைவரையில அவளுக்கு ஒரு சன்னதியே இருக்கு. 8ஆம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். சாத்தன் கணபதி என்ற அதிகாரி கோயில் திருப்பணி செய்ய, அவர் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்ததா கல்வெட்டு சொல்லுது. சேட்டைன்னா ஜேஷ்டை, மூத்தவள். மூதேவியும் மூத்த தேவிதான். காஞ்சி கைலாசநாதர் கோயில்லயும் பல்லவர்கள் அவளை வச்சிருக்காங்க.

திருவள்ளுவர் அவளைத் தவ்வைன்னு சொல்றார். தவ்வைன்னா அக்கா. பொறாமைக்காரனைத் திருமகள் தன் அக்காகிட்ட விட்டுட்டுப் போயிடுவாளாம். ஆக, வறுமையைக் கொண்டு வர்றவங்கிற பேர் அப்பவே இருந்திருக்கு. ஆனா தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமாலையில, சேட்டைகிட்ட செல்வம் கிடைக்கும்னு காத்திருக்கிறவங்களைக் கேலி பண்றார். கேலி பண்ற அளவுக்கு ஜனங்க அவகிட்டயும் செல்வம் கேட்டிருக்காங்கன்னுதானே அர்த்தம்?

என் விவசாயி புத்திக்கு ஒண்ணு தோணுது. ஏர் ஓட்டும்போது பின்னாடியே வந்து புழு பொறுக்குறது காக்கா. களத்துல சிதறின கடைசி நெல்லையும் கூட்டிச் சேர்க்கிறது விளக்குமாறு. மாடு இல்லாம அன்னைக்கு உழவே இல்லை. இது மூணும் பக்கத்துல இருக்கிறவ எப்படி எங்களுக்கு ஆகாதவ ஆவா?

பின்னாடி வந்த காலத்துல அவளைக் கும்பிடுறது குறைஞ்சு, பேர் வசவாப் போச்சு. நானும் ஒரு தடவை கோவத்துல என் மூத்த மகளை அந்த வார்த்தையால திட்டியிருக்கேன். அன்னைக்கு அவ சாப்பிடலை. அது இன்னும் எனக்கு உறுத்துது.

போன தைப்பொங்கலுக்கு நானும் அவளும் போய் கருவையை வெட்டி, கல்லை நிமித்தி வச்சோம். அப்பத்தா இருந்திருந்தா எங்க ரெண்டு பேரையும் திட்டித் தீர்த்திருக்கும்.