நியூமோதோராக்ஸ்

நுரையீரலைப் போர்த்திய உறைக்கும் மார்புச் சுவரின் உள்ளுறைக்கும் இடையில் காற்று புகுந்து, நுரையீரலைச் சுருங்கச் செய்யும் நிலையைக் குறிக்கும் இச்சொல், காற்று எனப் பொருள்படும் ‘நியூமா’, மார்புக்கவசத்தையும் மார்பையும் சுட்டும் ‘தோராக்ஸ்’ ஆகிய கிரேக்கச் சொற்களின் கூட்டாகும். பிரெஞ்சு மருத்துவர் இத்தார் 1803இல் இச்சொல்லை வழங்கினார். மருத்துவர் லென்னெக் 1819இல் இந்நிலையின் அறிகுறிகளை விளக்கினார். கோவிட் தொற்றால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோரிடம், அழற்சியால் நலிந்த காற்று நுண்ணறைகள் கடும் இருமலாலோ செயற்கைச் சுவாசக் கருவியின் அழுத்தத்தாலோ கிழியும்போது இந்நிலை நேரலாம். கசிந்த காற்று நடுமார்பில் தங்கினால் அது நியூமோமீடியாஸ்டினம் எனப்படும். திடீர் நெஞ்சுவலியும் மூச்சுத்திணறல் மிகுதலும் எச்சரிக்கைகளாதலால், எக்ஸ்ரே மூலம் விரைந்து கண்டறிந்து, தேவையெனில் மார்பில் குழாய் செருகிக் காற்றை வெளியேற்றுவது உயிர்காக்கும் கடமையாகும்.